தரிசு என்று எழுதப்பட்ட காடு: காஞ்சிபுரம் வட்டாரத்துக் குறுங்காடுகளும் புல்வெளிகளும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் வண்டலைச் சேர்த்த தாழ்நிலத்தில் காஞ்சிபுரம் நகரம் எழுந்தது. அந்த வண்டல் எட்டாத மேட்டு நிலங்களில், அதாவது செம்புறைக் கல்லும் சரளையும் பரவிய திருப்பெரும்புதூர்ப் பக்கத்திலும், கருங்கற்குன்றுகள் தலைகாட்டும் உத்திரமேரூர், செங்கல்பட்டுப் பக்கங்களிலும், ஏர் அதிகம் படாத ஒரு வகைக் குறுங்காடும் அதனூடே திறந்த புல்வெளியும் நெடுங்காலம் நிலைத்திருந்தன. நகரத்தின் கோயில்களைப் பற்றியும் நெசவைப் பற்றியும் நூல்கள் பல உண்டு; அந்த நெசவுக்குச் சாயமும் வயலுக்குத் தழையும் மாட்டுக்குப் புல்லும் அடுப்புக்கு விறகும் தந்த மேட்டு நிலத்தைப் பற்றிய செய்திகளோ செப்பேடுகளிலும் நில அளவைக் கணக்குகளிலும் வருவாய்த் துறைக் கடிதங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: இங்குக் காடு நின்ற இடங்களிலெல்லாம் அது நிற்பதால் பயன்பெற்ற ஒரு கை இருந்தது, அந்தப் பயன் அற்றுப்போன இடத்தில், உடைமையாளர் அரசாயினும் தனியாராயினும், காடு விறகாகவோ மனையாகவோ மாறியது.

தாவரவியலார் இக்காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பர். மழை குறைந்த நாட்டில் மரங்கள் கோடையில் இலை உதிர்ப்பதே பெருவழக்காக இருக்க, சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்நிலத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து ஓய்ந்து, பிறகு மாதக்கணக்கில் வானம் வறண்டு கிடந்தாலும், இங்குள்ள மரங்கள் தடித்த இலைகளைத் தாங்கி ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்பது அப்பெயருக்குக் காரணம். வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டு எலுமிச்சை, நாவல் ஆகியவை அதிக உயரம் போகாமல் நெருங்கி நிற்க, களா, சூரை, காரை, ஆதொண்டை போன்ற முட்செடிகளும் கொடிகளும் அடியை அடைத்துவிடுவதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது காடாகத் தோன்றாமல் வெறும் முட்புதராகவே தோன்றும். 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன் என்னும் வனத்துறை அறிஞர் இதற்குத் தனி இடம் கொடுத்தார். சேத் என்பவருடன் சேர்ந்து அவர் 1968இல் வெளியிட்ட திருத்திய வகைப்பாட்டிலும் அந்த இடம் நீடித்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள், குறிப்பாகப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்தவர்கள், இன்று காணும் குறுங்காடு வெட்டினாலும் மேய்ச்சலாலும் குன்றிப்போன ஒரு பெருங்காட்டின் எச்சமா, இந்த மண்ணுக்கும் மழைக்கும் இயல்பான முதிர்ந்த நிலையா என்று விவாதித்தனர். மீட்டெடுக்க விரும்புகிறவருக்கு இந்த விவாதம் வெறும் ஏட்டு விவாதமன்று. எதை மீட்பது என்ற கேள்வியே அதில்தான் அடங்கியிருக்கிறது.

காட்டைவிடப் புல்வெளி பெற்ற கவனம் இன்னும் குறைவு. ஏரிகளின் நீர்பிடிப்பு மேடுகள், ஊர் மாடுகளுக்கென ஒதுக்கிய மேய்க்கால், பனை வரிசை நின்ற மணல் மேடுகள் ஆகியவை மரமடர்ந்த நிலங்களாக இல்லாமல் திறந்த வெளிகளாகவே இருந்தன. கௌதாரியும் வானம்பாடியும் வெளிமானும் அத்தகைய வெளியை நம்பி வாழும் உயிர்கள். மரம் இல்லாத நிலம் குறையுள்ள நிலம் என்ற எண்ணம் பிற்காலத்தில் இவற்றுக்குச் செய்த கேடு, கோடரி காட்டுக்குச் செய்த கேட்டிற்குச் சிறிதும் குறைந்ததன்று.

காஞ்சியை ஆண்ட பல்லவர் காடுவெட்டி என்ற பட்டப்பெயரையும் உடையவர்கள். காட்டைத் திருத்தி நாடாக்கி, ஏரி வெட்டிக் குடிகளை அமர்த்துவது அக்காலத்து அரசர்க்குப் பெருமையாக இருந்தது. தொண்டை மண்டலம் காடாக இருந்து நாடானதென்று கூறும் பிற்காலப் புராண மரபுகளும் இதையே வேறு வகையில் சொல்கின்றன. ஆயினும் பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளைக் கூர்ந்து படித்தால் வெட்டப்பட்டவற்றோடு விடப்பட்டவையும் தெரியவருகின்றன. ஓர் ஊரைப் பிராமணருக்கோ கோயிலுக்கோ கொடையளிக்கும்போது, விளைநிலத்தோடு புற்று, புல்வெளி, குளம், கோட்டகம், மரம், கிணறு ஆகியவையும், உடும்பு ஓடுகிற மேடும் ஆமை தவழ்கிற பள்ளமும் உள்ளிட்ட நிலம் முழுவதும் கொடுக்கப்பட்டதாக எழுதுவது வழக்கம். எல்லை விவரிக்கும் வாய்பாடுதான் அது என்றாலும், பயிரிடாத நிலமும் உடைமையின் ஓர் உறுப்பே என்ற கருத்து அதில் தெளிவாக உள்ளது. தமனகம், செங்கழுநீர் போன்றவற்றை நடுவதுகூடக் கொடைபெற்றவர்க்குத் தனியே அளிக்கப்பட வேண்டிய உரிமையாக அந்த ஆவணங்களில் வருவதால், நிலம் ஒன்றாக இருந்தாலும் அதன்மேல் உள்ள உரிமைகள் பலவாகப் பிரிந்திருந்தன என்றும் கொள்ளலாம்.

அந்த உரிமைகளை மேற்பார்க்க அமைப்புகளும் இருந்தன. காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அத்தேர்தல் எதற்காக நடந்தது என்று பார்த்தால், ஆண்டு வாரியத்தோடு தோட்ட வாரியத்துக்கும் ஏரி வாரியத்துக்கும் ஆள் தேர்வதற்காகவே நடந்தது. நந்தவனமும் தோப்பும் ஒரு குழுவின் பொறுப்பில் விடப்பட்டமை, மரத்தைத் தனி மனிதரின் விருப்பத்திற்கு விட்டுவிட அந்தச் சபை விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. நகரத்துக்குள்ளேயோ மரங்களைக் காத்தது வழிபாடு. ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் யாவரும் அறிந்தது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் போற்றப்படும் குரா மரம் அவ்வளவு அறியப்படாதது, ஆனால் இக்கட்டுரையின் நோக்கில் அதைவிடச் சிறப்புடையது, ஏனெனில் பழமும் நிழலும் தரும் பெருமரம் ஒன்றைக் காப்பது எளிது. மேட்டுக்காட்டின் சிறு மரம் ஒன்று நகரத்தை ஒட்டிய கோயிலுக்குள் தலமரமாக நிற்பது அரிது.

நெசவுக்கும் இந்தக் காட்டுக்கும் இருந்த தொடர்பு பட்டின் புகழால் மறைந்துபோயிற்று. காஞ்சிபுரம் முன்பு பருத்தித் துணிக்கும் பெயர்பெற்றிருந்த ஊர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து கிடைத்தது. கடலோர மணல்வெளிகளிலும் வறண்ட புல்தரைகளிலும் தானாக முளைக்கும் அச்செடியின் காட்டு வேரே பயிரிட்ட வேரைவிட நல்ல நிறம் தரும் என்று சாயக்காரர்கள் கருதினர். வேரில் உள்ள சாயம் நூலில் ஒட்டி நிற்பதற்கு ஒரு பற்றுப்பொருள் வேண்டும். அதற்குப் படிகாரத்தோடு காசா மரத்தின் இலையையும் சேர்த்துக் காய்ச்சினர். காசா இனத்து மரங்கள் மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சித் தம் இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையவை என்பதையும், அந்த அலுமினியமே சாயத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்பதையும் வேதியியல் பிற்காலத்தில் விளக்கியது. சாயக்காரர்கள் அதை முன்பே தொழிலில் கண்டிருந்தனர். ஆக, ஒரு சிவப்புச் சேலைக்குப் புல்தரையின் வேரும் குறுங்காட்டின் இலையும் தேவைப்பட்டன. இலை பறிப்பதற்குக் காசா மரம் வெட்டப்படாமல் நிற்க வேண்டியிருந்தது, வேர் தோண்டுவதற்கு மணல்வெளி உழப்படாமல் கிடக்க வேண்டியிருந்தது.

இந்த வேர் எவ்வளவு மதிப்புடையதாக இருந்தது என்பதற்கு இலங்கை நல்ல சான்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டுவதைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அரசின் உரிமையாக வைத்திருந்தனர்; அத்தொழிலுக்கென வேர்க்குத்திப் பள்ளர் என்று ஒரு பிரிவினரே குறிக்கப்பட்டனர். அந்த உழைப்பு விருப்பமான உழைப்பன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிலத்தைக் காத்த பயன்கள் எல்லாம் மனிதருக்கு நன்மையாகவே இருந்தன என்று எண்ணுவது பழமையின்மேல் கொள்ளும் மயக்கமே. 1869இல் ஜெர்மானிய வேதியியலார் கிரேபும் லீபர்மனும் அலிசரின் என்னும் சிவப்புச் சாயப்பொருளை ஆலையில் செய்யும் முறையைக் கண்டபின், சில பத்தாண்டுகளில் சாயவேர்ச் சந்தை சரிந்தது. காசா இலைக்கு இருந்த தேவையும் அதனோடு போயிற்று. மரம் மட்டும் நின்றது, இனி விறகாக மட்டுமே விலைபோகும் மரமாக.

சாயத்தைப் போலவே வேறு பயன்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஏரிப் பாசன வயலுக்குத் தழையுரமாகக் கொழிஞ்சியும் புங்கும் வேம்பும் மேட்டு நிலத்திலிருந்தே வந்தன. இரசாயன உரம் பரவியபின் தழை வெட்டப் போவோர் குறைந்தனர். தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டை இன்றியமையாததாக இருந்தவரை, ஆவாரை பூத்த தரிசுக்கும் ஒரு வருமானம் இருந்தது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் பரப்பிய குரோம் முறைப் பதனிடலும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும் அந்த வருமானத்தைக் குறைத்தன. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அந்த மாற்றத்தின் நினைவுச் சின்னம்தான்.

நிலக்கணக்கின் பக்கம் திரும்பினால், 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீர் நிலப்பகுதியை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களைப் பற்றிய அந்த அளவையில் நன்செய், புன்செய், தரிசு ஆகியவற்றோடு காடு, தோப்பு, குன்று, ஏரி, மனை ஆகியனவும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஓர் ஊரின் எல்லைக்குள் எவ்வளவு நிலம் உழப்படாமல் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டும் ஆவணம் இவ்வட்டாரத்துக்கு அதற்கு முன் கிடைக்கவில்லை. அளவை முடிந்து ஆறே ஆண்டுகளில், 1780 செப்டம்பரில், காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. தொடர்ந்த போரிலும் பஞ்சத்திலும் ஊர்கள் பாழாகி, ஆளில்லாத வயல்கள் புதரேறிப் போயின. 1790களில் ஆட்சியராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்த்து அந்நிலங்களை மீண்டும் உழவுக்குக் கொண்டுவருவதையே தம் முதல் வேலையாகக் கொண்டார்.

பிளேஸ் எதிர்கொண்ட சிக்கல் மிராசு உரிமை. ஊரின் நிலத்தில் பங்குடையவர்கள் மிராசுதாரர் எனப்பட்டனர். அவர்களின் உரிமை உழுத வயலோடு நில்லாமல், ஊரின் தரிசிலும் காட்டிலும் மரத்திலும் படர்ந்திருந்தது. வெளியார் ஒருவர் தரிசைத் திருத்திப் பயிரிட்டால் துண்டுவாரம் என்னும் சிறு பங்கை மிராசுதாரருக்குக் கொடுக்க வேண்டும். 1816இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய எல்லிஸ் என்னும் கம்பெனி அதிகாரி, பழைய விற்பனை ஆவணங்களில் மாவடை, மரவடை, நீர், கல், புதையல் எனப் பலவும் நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருந்ததைச் சான்றாகக் காட்டினார். ஊரார் ஒரு காட்டுத் துண்டை விட்டுவைத்தார்கள் என்றால், பங்குடையவர் எவரும் மற்றவரைக் கேட்காமல் அதை அழிக்க முடியாதிருந்தது என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

ஊராரின் பயனே உயிர்களுக்குக் காப்பானதற்கு வேடந்தாங்கலைவிடச் சிறந்த சான்று இவ்வட்டாரத்தில் இல்லை. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடுகட்டும் நாரைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், பறவைகளைச் சுட வந்த சிப்பாய்களைத் தடுத்து ஆட்சியரிடம் முறையிட, பிளேஸ் காலத்தில் கவுல் என்னும் உரிமைச் சீட்டு அவர்களுக்குக் கிடைத்தது. 1858இல் செங்கல்பட்டு ஆட்சியர் அதை மீண்டும் உறுதிசெய்தார். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936இல். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை காப்பு எல்லை விரிக்கப்பட்டபோது பல ஊர்களின் பட்டா வயல்களும் அதற்குள் வந்தன; 2020இல் அந்த எல்லையைச் சுருக்க எழுந்த முன்மொழிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பறவை ஏரியில் கூடு கட்டுகிறது, இரையை வயலில் தேடுகிறது. ஆகவே தனியார் நிலத்தைத் தவிர்த்துவிட்டு அதைக் காக்க வழியில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டின் மேல் விழுந்த புதிய பசி சென்னை நகரத்தின் அடுப்பும் இரயிலின் கொதிகலனும் ஆகும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குக் குறுகிய பாதை வந்தது. தொடக்க காலத்தில் எஞ்சின்கள் விறகையே எரித்தன. குறுங்காடு வெட்டுண்ட இடங்களில் மறுகால் தழைப்பதற்கு முன்பே மீண்டும் வெட்டப்பட்டது. கடற்கரையோரத் தனியார் நிலங்களில் விரைவில் வளரும் சவுக்கு பரவி, பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் நகரத்துக்குப் போயிற்று. சவுக்குத் தோப்பு எஞ்சிய காட்டின் மேலிருந்த விறகுச் சுமையைக் குறைத்தது என்பதும், சாயவேர் முளைத்த மணல்வெளியை மூடியது என்பதும் ஒருங்கே உண்மை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தின் குன்றுகளும் மேடுகளும் காப்புக்காடுகளாயின. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் விறகு வழங்கலே.

இந்த இடத்தில் தரிசைப் பற்றிய வேறொரு வழக்கையும் கேட்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய குறிப்பில், அவர்களுக்குச் சொந்த நிலம் கிடைக்காததற்குத் தரிசின்மேல் மிராசுதாரருக்கு இருந்த முன்னுரிமையும் காரணம் என்று காட்டினார். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையே இன்று பஞ்சமி நிலம் எனப்படும் ஒதுக்கீட்டிற்கு அடிப்படை. ஊரின் பொதுவான காட்டைக் காத்த அதே உரிமை, ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்ட மக்களை நிலத்திலிருந்து விலக்கியும் வைத்தது. ஆகையால் மேட்டு நிலத்தை மீண்டும் காடாக்குவோம் என்று பேசுகிறவர், அந்நிலம் யாருடைய பெயரில் இருந்தது, யாரிடமிருந்து கைமாறியது என்று முதலில் பார்ப்பது முறை. சிலருக்கு வெறுந்தரிசாகத் தெரிவது வேறு சிலருக்குக் கிடைக்காமற்போன வாழ்வு.

விடுதலைக்குப் பின் ஜமீன்கள் ஒழிக்கப்படும் முன்பே உடைமையாளர்கள் மரங்களை வெட்டி விற்கத் தொடங்கியதால் 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெருங்காடுகளை நோக்கி எழுதப்பட்ட அச்சட்டத்தின் கை, காஞ்சிப் பக்கத்து ஐந்து, பத்து ஏக்கர் புதருக்கு எட்டவில்லை. அந்தப் புதரை 1870களில் சென்னை மாகாணத்துக்குள் வந்த சீமைக்கருவேலம் விழுங்கியது. வேலிக்கும் விறகுக்கும் உதவியதால் ஏழைக் குடும்பங்கள் அதை வரவேற்றன என்பதை அதை ஒழிக்கச் சொல்லும் இயக்கங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. 1980களில் சுவீடன் அரசின் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டம் ஏரிகளின் உள்வாயில் கருவேலத்தையும், தனியார் புன்செய்யில் சவுக்கையும் தைலமரத்தையும் பெருக்கியது. மரங்களின் எண்ணிக்கை கூடியது. வீரையும் காசாவும் கூடவில்லை, புல்வெளி குறைந்தது.

பழைய குறுங்காடு தப்பிய இடங்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் உடைமையாளர் வேறு காரணத்துக்காக வேலி போட்ட இடங்களே. சென்னை கிண்டியில் தனியார் மாளிகையைச் சார்ந்திருந்த காட்டை 1821இல் அரசு வாங்கி ஆளுநரின் இல்லமாக்கியதால் அது நின்றது. 1978இல் தேசியப் பூங்காவான அந்த 270 ஹெக்டேருக்குள் போலோ மைதானம் என்னும் திறந்த புல்வெளியில்தான் வெளிமான்கள் மேய்ந்தன. தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டில் 365 ஏக்கரைப் பெற்று 1937இல் அங்குக் குடியேறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியில், வேதியியல் பேராசிரியராயினும் தாவரவியலில் தோய்ந்தவரான எட்வர்டு பார்ன்ஸ் வளாகத்துச் செடிகொடிகளைப் பேணியதும், ஆடுமாடு புகாமல் தடுக்கப்பட்டதும் சேர்ந்து வெட்டுண்ட புதரை மீண்டும் காடாக உயர்த்தின. மரக்காணத்துக்குத் தெற்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைக் காத்ததோ அச்சமும் நேர்த்திக்கடனும். ஆளுநரின் பொழுதுபோக்கு, கல்லூரியின் மதில், ஐயனாரின் குதிரை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, விளைவு ஒன்றே.

வேண்டுமென்றே மீட்டெடுக்கும் முயற்சி இந்தக் கரையில் 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில் தொடங்கிற்று. செம்மண் அரிப்பில் சிதைந்த மேட்டு நிலத்தில் முதலில் வரப்பிட்டு மழைநீரைத் தேக்கி, ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்காக நட்டனர்; 1973 முதல் ஜோஸ் புரூக்ஸ் வளர்த்த பிச்சாண்டிக்குளம் காட்டிலும் பிற இடங்களிலும், கோயில் காடுகளில் பொறுக்கிய விதைகளிலிருந்து நாட்டு மரங்கள் மெல்ல எழுந்தன. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் அகேசியாவைப் பெருவாரியாக முறித்தது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் நடத்தும் நாற்றங்கால், காட்டை இலைக்கு இலை அறிந்த சமூகத்தின் அறிவைக் கூலியாக்காமல் தொழிலாக்கிய முயற்சி என்ற வகையில் தனிக் கவனம் பெறத்தக்கது.

தனி நிலத்தில் காட்டை மீட்டெடுக்கும் விதம் எளிது, ஆனால் மெதுவானது. பல தரிசுகளில் வெட்டுண்ட அடிமரங்களின் வேர் இன்னும் உயிரோடிருப்பதால், கிளுவையாலோ கள்ளியாலோ வேலி கட்டி ஆட்டைத் தடுத்தாலே இரண்டு மூன்று மழைக்குள் காசாவும் களாவும் தாமாகத் தளிர்க்கும். பனைமரத்தில் வந்தமரும் கொண்டைக்குருவியும் மைனாவும் எச்சத்தோடு விதையிட, அதனடியில் புதிய புதர் எழும். நட வேண்டியிருப்பவை பாலை, நாவல் போன்ற, விதை விரைவில் உயிரிழப்பவை. அவற்றைப் பழுத்தவுடன் எடுத்து ஊன்ற வேண்டும். குழி தோண்டி ஆயிரக்கணக்கில் நடும் விழாக்கள் இந்த வேலைக்குப் பெரும்பாலும் தேவையற்றவை. புல்வெளியாக இருந்த மேட்டில் அவை கேடும் கூட.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வில்லமெட் பள்ளத்தாக்கின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்குக் கலபுயா மக்கள் ஆண்டுதோறும் மூட்டிய தீயினால் ஓக் மரங்கள் அருகருகே நின்ற புல்வெளி நிலைத்தது. குடியேறியவர்கள் தீயை நிறுத்தியபின் ஊசியிலை மரங்கள் வெளியை மூடின, எஞ்சியது உழவுக்குப் போயிற்று. மிச்சமிருக்கும் சிறு துண்டுகளில் பெரும்பாலானவை தனியாருடையவை என்பதால், உடைமையாளர் நிலத்தை வைத்துக்கொண்டே அதைப் பிரித்துக் கட்டும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்து வரிச்சலுகை பெறும் முறை அங்கே உதவுகிறது. அழிந்ததாகக் கருதப்பட்ட ஃபெண்டர் நீலம் என்னும் வண்ணத்துப்பூச்சி 1989இல் மீண்டும் காணப்பட்டு, 2023இல் அருகிவரும் நிலையிலிருந்து ஒரு படி தேறியதற்கு அத்தகைய நிலங்களும் காரணம். நிலத்தையும் அதன்மேல் உள்ள உரிமைகளையும் வேறுவேறாகப் பார்க்கும் இந்த முறை மிராசுக் காலத்துத் தொண்டை மண்டலத்துக்குப் புதிதன்று. புறம்போக்கு மரத்தின் பலனை மட்டும் தரும் 2சி பட்டா அதன் கடைசி எச்சமாக இன்றும் வழங்குகிறது.

பட்டா நிலத்துக்கோ அப்படி ஒரு வழி இன்னும் வகுக்கப்படவில்லை. 1990களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை வந்தது முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் மேடுகளின் விலை உழவோடு தொடர்பற்றுப்போயிற்று. அங்கே ஓர் உடைமையாளர் பத்து ஏக்கரை வேலியிட்டுக் காசாவையும் வீரையையும் வளரவிட்டால், கிராம நிர்வாக அலுவலர் ஆண்டுதோறும் எழுதும் அடங்கல் கணக்கில் பயிர் இல்லாத அந்நிலம் தரிசு என்றே பதிவாகும். உலர் பசுமைமாறாக் காட்டுக்கு அதில் பத்தி இல்லை. அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது, காட்டைப் பிரிக்காமல் வைத்திருக்க அவர்களைக் கட்டுப்படுத்துவதும் எதுவுமில்லை. அறக்கட்டளைக்கு எழுதிவைப்பதோ கல்விக்கூடத்துக்கோ கோயிலுக்கோ கொடுப்பதோதான் இப்போதைக்கு அவர் முன் உள்ள வழிகள். அவற்றுள்ளும் கோயிலுக்குக் கொடுப்பவர், நந்தவனமாக்கிவிடாமல் காட்டைக் காடாகவே விட வேண்டும் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதுவது நல்லது.